பாதி தீர்ந்த நீல டப்பா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அனுப்பிய சோப்புத் தூள் பார்சல் அப்படியே திரும்பி வந்துவிட்டது. கயிற்றின் முடிச்சைக்கூட நீ அவிழ்க்கவில்லை. மேலே ஒரு துண்டுக் காகிதம்: "நன்றி. தேவைப்படவில்லை." என்னிடம் சோப்புத் தூள் வாங்காத கடைக்காரர்கள்கூட ஒரு டீ கொடுத்து நாலு வார்த்தை பேசித்தான் அனுப்புவார்கள். நீ வாசலோடு அனுப்பிவிட்டாய்.

போனில் கேட்டால் பாதியில் வைத்துவிடுகிறாய். மறுபடி அடித்தால் மாமா எடுத்து, "உங்க அக்கா குளிக்கிறா" என்கிறார். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாள்? அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

மாமாவின் பட்டறையில் வேலை பாதியாகிவிட்டது என்று எனக்கு யார் சொன்னது தெரியுமா? எங்கள் கம்பெனி சரக்கை உங்கள் தெருவுக்குக் கொண்டுவரும் வேன் டிரைவர். அவர் அதோடு விட்டாரா? "உங்க அக்கா வீட்டுலயே சோப்பு காய்ச்சறாங்களாமே, நெஜமா?" என்று கேட்டார். அதுவும் டீக்கடையில், என்னிடம் சரக்கு எடுக்கும் இரண்டு கடைக்காரர்களை வைத்துக்கொண்டு. நான் சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் மானம் கப்பலேறிவிட்டது.

அக்கா, ஒன்பது வருடமாக இந்தத் தூளை விற்கிறேன். நீல டப்பா என்றால் இந்த வட்டாரத்தில் என் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். எந்தக் கடை ஏறினாலும் "எங்க வீட்டுலயும் இதுதான்" என்றுதான் பேச்சைத் தொடங்குவேன். அச்சகத்துக்கு மேலே ஒரு அறையில் ஒண்டிக்கட்டையாகக் கிடப்பவனுக்கு வீடு ஏது? உன் வீட்டைத்தான் என் வீடு என்று சொல்லிக்கொள்கிறேன். அந்த வீட்டில் என் டப்பா இல்லை என்றால் நான் நாள் முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டு திரிகிறேன் என்றுதானே அர்த்தம்?

பட்டறை பழையபடி ஓடும்வரை சோப்புச் செலவை மட்டுமாவது என்னிடம் விடு. வேறு எதிலும் தலையிட மாட்டேன். நான் என்ன அந்நியனா?

தம்பி

பிப்ரவரி 17

அன்புத் தம்பிக்கு,

போனைக் கோபத்தில் வைக்கவில்லை. கோபமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன்னோடு போனில் பேசினால் எனக்கு வாய் திறக்க இடம் கிடைப்பதில்லை. கடைக்காரர் "வேண்டாம்" என்று சொல்வதற்குள் அடுத்த பேச்சைத் தொடங்கிப் பழகியவன் நீ. அந்த வித்தையை அக்காவிடம் காட்டாதே. இனி எதுவானாலும் எழுது. எழுதினால் நானும் பதில் சொல்ல முடியும்.

ஒரு தடவை நிஜமாகவே குளித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பட்டறை விஷயம் உண்மை. உன் மாமாவுக்கு இப்போது ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு. உன்னிடம் சொன்னால் மறுநாளே பணம் அனுப்புவாய். அவரும் வாங்கிக்கொள்வார், நன்றி சொல்வார். அதற்குப் பிறகு நீ வந்தால் உன் எதிரில் இன்னொரு கரண்டி சோறு போடச் சொல்லிக் கேட்க மாட்டார். அவரை எனக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை.

அலமாரிக்கு முன்னால் நின்று எதைக் குறைக்கலாம் என்று பார்த்தேன். சாப்பாட்டில் கை வைக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் முடியாது. சோப்பு மட்டும்தான் எப்போது பார்த்தாலும் கையைக் கடித்துக்கொண்டிருந்தது. கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். லேத் ஓட்டுகிறவர் சட்டையைத் துவைத்துப் பார்த்தவளுக்குத்தான் அது தெரியும். அதோடு பெண்கள் இரண்டு பேரின் வெள்ளைச் சீருடை வேறு.

பெரியவளின் வேதியியல் புத்தகத்தில் சோப்பைப் பற்றி ஒரே ஒரு பக்கம் இருந்தது. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சோப்பு என்று போட்டிருந்தது. முனையில் இருக்கும் சிப்ஸ் கடைக்காரர் பொரித்து முடித்த எண்ணெயை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் கொடுத்துவிட்டார். காஸ்டிக் சோடா சல்லிசு. தண்ணீர் குழாயில் வருகிறது. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

புத்தகத்தில் எந்தப் பாத்திரத்தில் என்று போடவில்லை. நான் அலுமினியப் பாத்திரத்தை எடுத்தேன். தண்ணீரில் சோடாவைப் போட்டதும் அது சீறிப் பொங்கியது. நெடி தாங்காமல் எல்லோரும் வெளியே ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால் பாத்திரம் கன்னங்கரேல் என்று ஆகி, அடியில் ஓட்டை விழுந்திருந்தது. எந்தப் பாத்திரம் என்று கேள். உன் முதல் சம்பளத்தில் நீ வாங்கிக் கொடுத்தாயே, அதுதான். அதனால்தான் உன்னிடம் சோப்பு என்ற பேச்சையே எடுக்கவில்லை. எடுத்தால் பாத்திரம் எங்கே என்று கேட்பாய்.

அடுத்த தடவை பிளாஸ்டிக் வாளி, கையுறை, திறந்த ஜன்னல். சோப்பு வந்தது. அதோடு சிப்ஸ் வாசனையும் வந்தது. மாமா பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குப் பசி எடுத்தது. பிறகு எண்ணெயை உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டப் பழகினேன். வாசனை போய்விட்டது. கட்டியை வாரக்கணக்கில் காயவைத்து, துருவி, சலவை சோடா கலந்தால் தூள் தயார். நீ எப்போதோ கொடுத்த நீல டப்பாவில்தான் போட்டு வைத்திருக்கிறேன். மூடி நன்றாக இறுகுகிறது. உங்கள் கம்பெனி டப்பாவை நன்றாகவே செய்கிறது.

நீ அந்நியன் இல்லை. ஆனால் நீ கொடுத்தால் அது உதவி. நானே செய்தால் அது குடித்தனம். இந்த வீட்டில் கடைக்குப் போகாமல் என் கையால் வந்த பொருள் ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது என்று உனக்கு எழுதத் தெரியவில்லை. அதை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளாதே.

அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பாத்திரம் போனால் போகிறது. (முழுப் பொய். ஒரு நாள் முழுக்க வருத்தமாகத்தான் இருந்தது.)

சண்டையை மூட்டை கட்டி வை. உங்கள் ஊரில் ஒரு சூப்பர்வைசர் வேலை காலியாகிறது. பைக்கில் ஊர் ஊராகச் சுற்ற வேண்டாம். ஒரே ஊர், ஒரே ஆபீஸ், உன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மெஸ் சாப்பாட்டுக்குக் கும்பிடு. கீழே மெஷின் ஓடும்போது கட்டில் ஆடுகிறதே, இந்த அறைக்கும் ஒரு கும்பிடு. பெரியவள் கணக்கில் எங்கே கோட்டை விடுகிறாள் என்று நானே உட்கார்ந்து பார்க்கலாம்.

மேனேஜர் என்னைத்தான் மனதில் வைத்திருக்கிறார். எப்படித் தெரியும் என்றால், இந்த வருடம் கம்பெனி காலண்டருக்கு எங்கள் ஆட்களின் குடும்பங்களையே படம் எடுக்கப்போகிறார்கள். "நம்ம வீடு, நம்ம பவுடர்" என்று தலைப்பு. முதல் பக்கத்துக்கு யார் வீடு என்று கேட்டார். நான் உன் வீட்டைச் சொன்னேன். அவரே நேரில் வருகிறார், படம் எடுப்பவரோடு. நான் கூட வரக்கூடாதாம். வந்தால் வீட்டை ஜோடித்து வைப்போம் என்று பயம்.

எனக்காக ஒரே ஒரு நாள். புது டப்பா ஒன்று இதோடு வருகிறது. தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடாதே. அதை அலமாரியில் கண்ணில் படுகிற இடத்தில் வை. உன் சோப்புக் கட்டிகளை எங்காவது மறைத்துவிடு. அவர் போனதும் எடுத்துக்கொள். நீ எனக்காக எவ்வளவோ செய்திருக்கிறாய், இதையும் செய்துவிடு. நான் வீட்டுக்கு வர வேண்டும் அக்கா. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

தம்பி

மார்ச் 8

அன்புத் தம்பிக்கு,

சரி.

கட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். டப்பாவை அலமாரியில் வைக்கிறேன். அவர்கள் கேட்காதவரை நானாக வாய் திறக்க மாட்டேன். இதற்குமேல் என்னால் முடியாது.

வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசினேன். எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் அறை காலியாகத்தான் இருக்கிறது. ஜன்னல் கிழக்குப் பக்கம். காற்று அள்ளிக்கொண்டு போகிறது. உனக்கு என்று சொல்லி வைத்துவிட்டேன். மாமா இன்று போய் தாழ்ப்பாளைச் சரிசெய்தார். பெண்கள் இப்போதே உன் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று சண்டை போடுகிறார்கள்.

அக்கா

மார்ச் 23

அன்புத் தம்பிக்கு,

இதற்குள் உன் காதுக்கு விஷயம் வந்திருக்கும். நடந்ததை என் வாயாலும் கேள்.

உன் மேனேஜர் மரியாதையான மனிதர். செருப்பை வாசலில் விட்டார், பெண்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அலமாரியில் உன் புது டப்பா பளபளவென்று இருந்தது. கட்டிகள் கட்டிலுக்கு அடியில். எல்லாம் நீ சொன்னபடிதான்.

அவர் புது டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது வேண்டாம்மா. புதுசா இருந்தா ஜோடிச்சு வெச்சதுன்னு பார்க்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும். நீங்க தெனம் எடுக்கற டப்பா இருக்குமே, பாதி தீர்ந்தது?" என்றார். நான் பதில் தேடுவதற்குள் பின்பக்கம் குழாயடிக்குப் போய்விட்டார். அங்கே திட்டில் பழைய நீல டப்பா இருந்தது. தேய்ந்து, ஓரம் வெளிறி, மூடியில் என் விரல் தடத்தோடு. அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

கட்டிகளை மறைக்கத் தெரிந்தவளுக்கு டப்பாவை மறைக்கத் தோன்றவில்லை. அது உங்கள் டப்பாதானே என்று விட்டுவிட்டேன். அதற்குள் இருப்பது யாருடையது என்று யோசிக்கவே இல்லை.

மாமாவின் பட்டறைச் சட்டை ஒன்று வாளியில் கிடந்தது. கிரீஸ் பிடித்து மொரமொரவென்று இருந்தது. மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே உட்கார்ந்துவிட்டார். படம் எடுப்பவர் எட்டிப் பார்த்து, "நுரை கம்மியா வருதே சார்" என்றார். "வேணும்னுதான் குறைச்சிருக்கோம். தண்ணி மிச்சமாகும்ல" என்று மேனேஜர் விளக்கம் கொடுத்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். சின்னவள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள்.

சட்டையை அலசிப் பிழிந்து உதறினார். தம்பி, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அது பளிச்சென்று இருந்தது. இதுவரை நான் துவைத்ததில் அவ்வளவு நன்றாக வந்தது கிடையாது. ஒருவேளை மேனேஜர் நன்றாகக் கசக்கியிருப்பார். அவர் அதைக் கொடியில் போட்டுத் தள்ளி நின்று பார்த்தார். கண்ணில் அப்படி ஒரு பெருமை. என் கையில் டப்பாவைக் கொடுத்து, சட்டைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். உன் மாமாவையும் இழுத்து நிறுத்தினார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை குறைந்த நாளிலிருந்து யார் வந்தாலும் அவர் அப்படித்தான் நிற்கிறார்.

அப்போது மேனேஜர் கேட்டார். "சொல்லுங்கம்மா. சட்டை இப்படி வெளுத்திருக்கே, யாரால?"

கேட்காதவரை வாய் திறக்க மாட்டேன் என்றுதான் உனக்கு எழுதினேன். அவர் கேட்டுவிட்டார். உன் முகம் நினைவுக்கு வந்தது. மேல் அறை நினைவுக்கு வந்தது, ஆணையாகச் சொல்கிறேன். "உங்க பவுடர்தான் சார்" என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கண்ணுக்கு எதிரே அந்தச் சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வேறு வார்த்தை வந்துவிட்டது.

"இது நான் செஞ்சது சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மூடியைத் திறந்து காட்டினேன். முகர்ந்து பார்த்தார். அப்போது உன் மாமா என்ன செய்தார் தெரியுமா? விறுவிறுவென்று உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வந்து மேனேஜர் மூக்குக்கு நேராக நீட்டினார். "மோந்து பாருங்க சார். முன்னெல்லாம் சிப்ஸ் வாசனை வரும். இப்ப சுத்தமா இல்ல" என்றார். எத்தனை நாள் கழித்து அவர் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துப் பேசினார் என்று எனக்குத்தான் தெரியும்.

படம் எடுக்கவில்லை. டீயும் குடிக்கவில்லை. உன் புது டப்பாவை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

உனக்கு என்ன ஆகும் என்று அன்றிலிருந்து தபால்காரர் வரும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறேன். எழுது.

அக்கா

மார்ச் 29

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அதற்கு முன்பே மேனேஜரின் போன் கிடைத்துவிட்டது.

ஒரு நாள்தான் கேட்டேன். அதற்குள் உன் சோப்பு கரைந்தா போயிருக்கும்? எனக்கு மட்டும் கரைந்துவிட்டது.

மேல் அறையை வேறு யாருக்காவது விடச் சொல்லிவிடு.

தம்பி

ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒன்றில் நிறைய அழுதிருந்தேன், இன்னொன்றில் நிறையத் திட்டியிருந்தேன்.

நான் செய்தது தப்பு என்று எழுத மாட்டேன். எழுதினால் நீயே நம்ப மாட்டாய். ஆனால் உனக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் வேலை என்னால் போனது. நீ பக்கத்தில் வந்து இருக்கப்போகிறாய் என்று நான் கட்டிய கோட்டையும் அதோடு போனது. அதை இடித்தவளும் நான்தான். உன்னைப் போலவே எனக்கும் அது வலிக்கிறது.

ஒன்றை மட்டும் நீ யோசித்துப் பார். யாராவது உன் டப்பாவைக் காட்டி, இது வேறு கம்பெனிச் சரக்கு என்று சொன்னால் சும்மா இருப்பாயா? சட்டையைப் பிடித்திருப்பாய். நான் சட்டையைப் பிடிக்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னேன்.

எதிர் வீட்டு நர்ஸுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான் முதன்முதலில் காய்ச்சியபோது மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தியவள். இப்போது தன் வெள்ளைச் சேலைக்கு என்று ஒரு கட்டி கேட்டு வாங்கிப் போனாள். "உங்க தம்பியோட மேனேஜருக்கே தெரியலன்னா நல்ல சோப்பாத்தான் இருக்கணும்" என்றாள். உங்கள் கம்பெனி எனக்கு இலவச விளம்பரம் செய்து கொடுத்துவிட்டது. இந்த வரியைப் படித்து நீ சிரிக்காவிட்டால் நிஜமாகவே கோபமாகத்தான் இருக்கிறாய்.

இதோடு ஒரு கட்டி அனுப்புகிறேன். நன்றாகக் காய்ந்தது. உன் சட்டைக் காலரை ஒரே ஒரு தடவை இதில் துவைத்துப் பார். பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடு. நான் உனக்குச் செய்ததை நீ எனக்குச் செய்தால் குறை சொல்ல மாட்டேன்.

அக்கா

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கட்டியை உடனே திருப்பி அனுப்பத்தான் எடுத்து வைத்தேன். பிரிக்கவில்லை. முடிச்சையும் அவிழ்க்கவில்லை. உன் தம்பிதானே. மேஜை மேல் பல நாள் கிடந்தது. பிறகு வருடாந்திரக் கூட்டத்துக்கு முதல் நாள் பார்த்தால் அறையில் ஒரு பொட்டுத் தூள் இல்லை. மற்றவர்களுக்கு விற்றே தீர்த்துவிட்டேன். வேறு வழியில்லாமல்தான் பிரித்தேன் என்று குறித்துக்கொள்.

கூட்டத்தில் சூப்பர்வைசர் பெயரை அறிவித்தார்கள். நான் இல்லை. அது தெரிந்ததுதான். கைதட்டினேன். மேனேஜர் அதோடு நிறுத்தியிருக்கலாம். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ஆளு ஒருத்தர் வீட்டுக்குள்ள நம்ம பவுடராலேயே நுழைய முடியல. மொதல்ல வீட்டுல வித்துப் பழகுங்கப்பா" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். யாருக்கும் பெயர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டீக்கடையில் மழுப்பினேனே, அதே சிரிப்பு என் முகத்தில் வரப்பார்த்தது. பாதி வந்தும்விட்டது. அப்போது குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். பழைய சட்டை அக்கா, நீ தைத்துக் கொடுத்த பொத்தானோடு இருப்பது. அந்த ஹாலில் அவ்வளவு வெள்ளையாக வேறு எதுவும் இல்லை. ஒன்பது வருடமாக வெள்ளையைப் பார்த்துப் பார்த்து விற்றவன் நான். எனக்குத் தெரியாதா? கால் தானாக எழுந்து நின்றுவிட்டது.

"சார், அன்னிக்கு நீங்களே உங்க கையால துவைச்சுப் பார்த்தீங்க. நம்ம பவுடர்னே நெனச்சீங்க. அது எங்க அக்கா செஞ்சது" என்றேன். "நான் போட்டிருக்கற இந்தச் சட்டையும் அதுல துவைச்சதுதான்" என்றும் சொன்னேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு பின்வரிசையிலிருந்து வேறு ஒரு சிரிப்பு கிளம்பியது, இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை. மேனேஜர் தண்ணீர் குடித்தார். இடைவேளையில் மூன்று பேர் என் காலரைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் காஸ்டிக் சோடா எங்கே கிடைக்கும் என்று காதோடு காதாகக் கேட்டார். சோப்பு விற்கிற கம்பெனியின் கூட்டத்தில்!

வேலைக்கு ஆபத்தில்லை. விற்பனையில் முதல் ஆளை அனுப்ப அவருக்கு மனம் வராது. தண்டனையாக மலைப் பாதைக் கடைகளை என் தலையில் கட்டிவிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டிக்கொண்டு சீட்டியடிக்கிறேன். இன்னொன்று. "எங்க வீட்டுலயும் இதுதான்" என்பதை விட்டுவிட்டேன். "நல்ல தூள், நுரை நிறைய வரும்" என்று மட்டும் சொல்கிறேன். ஆர்டர் ஒன்றும் குறையவில்லை.

மார்ச் மாதம் அப்படி எழுதியிருக்கக் கூடாது. படித்து அழுதாயா? அழுதிருந்தால் என்னை நாலு சாத்து சாத்தலாம், வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது ஒரு சந்தேகம், யாரிடமும் சொல்லாதே. பிளாஸ்டிக் வாளி வாங்கி, கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, மெஸ்ஸில் எண்ணெய் கேட்டு வாங்கி நானும் செய்து பார்த்தேன். கட்டியாகவே ஆகவில்லை. கஞ்சி மாதிரி கிடக்கிறது. மேலே எண்ணெய் மிதக்கிறது. சோப்பு விற்றே வயதானவனுக்குச் சோப்பு வரவில்லை என்றால் வெளியே தலை காட்ட முடியுமா? தூக்கிக் கொட்டிவிடவா?

தம்பி

மே 20

அன்புத் தம்பிக்கு,

கொட்டாதே. நீ போதிய நேரம் கிளறியிருக்க மாட்டாய். ஒரு கடையில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காத ஆள் நீ, வாளி முன்னால் எப்படி நிற்பாய்? எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, இளஞ்சூட்டில் வைத்து, மரக் கரண்டியால் கிளறு. எண்ணெய் தனியாகத் தெரியாமல் பசையாகி, கரண்டியைத் தூக்கினால் கோடு கோடாக நிற்கும்வரை கிளறு. கை வலிக்கும். வலித்த பிறகும் கிளறு. கையுறையைக் கழற்றாதே.

அலுமினியம் வேண்டாம். மறந்துவிடாதே.

அழுதேன். சாத்து பாக்கி இருக்கிறது.

மாமா உன் கடிதத்தை இரண்டு தடவை வாங்கிப் படித்தார். பட்டறைக்கு எடுத்துப் போய் அங்கேயும் வாசித்துக் காட்டியிருக்கிறார். அவர் வந்து அதைச் சொல்லச் சொல்ல மேஜையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா

ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

கிளறினேன். கை கழன்று விழுந்துவிட்டது. இதை இடது கையால் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்.

பார்சலில் ஒரு பாத்திரம் இருக்கிறது. எவர்சில்வர், அடிகனம். எத்தனை தடவை சோடா ஊற்றினாலும் ஓட்டை விழாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். இதை உதவி என்று திருப்பி அனுப்பாதே. போன பாத்திரத்துக்குப் பதில், அவ்வளவுதான். அதற்குள் நான் செய்த கட்டி ஒன்று இருக்கிறது. மேலும் சில வாரம் காய வேண்டும். கோணலாக இருக்கும். சிரித்துக்கொள். ஆனால் துவைத்துப் பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுது. விற்பனைப் பேச்சு எனக்கு வேண்டாம்.

தம்பி

ஆகஸ்ட் 3

அன்புத் தம்பிக்கு,

பாத்திரம் வந்தது. திருப்பி அனுப்பப்போவதில்லை. மாமாவுக்கு இந்த மாதத்திலிருந்து முழு வேலை. சோப்பை நிறுத்திவிடலாமே என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நல்ல பதில் வைத்திருந்தேன்.

மேல் அறையை நான் யாருக்கும் விடச் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன், வாய் வரவில்லை. வீட்டுக்காரரிடம் கட்டிகளைக் காயவைக்க இடம் வேண்டும் என்று கேட்டேன். மாதா மாதம் அவர் வீட்டுக்கும் சோப்பு கொடுத்தால் வைத்துக்கொள் என்றார். கிழக்கு ஜன்னலுக்குக் கீழே, உன் கட்டில் போடுவதாக இருந்த இடத்தில் வரிசையாக அடுக்கியிருக்கிறேன். நல்ல காற்று. சீக்கிரம் காய்கிறது. நீ என்றைக்கு வந்தாலும் ஒரு மணி நேரத்தில் ஒதுக்கிக் கொடுத்துவிடுவேன். வேலை கிடைத்துத்தான் வர வேண்டும் என்று இல்லை. லீவு கிடைத்தாலும் வரலாம்.

உன் கட்டியை அங்கேதான் காயவைத்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் மெலிவு, நடுவில் உன் கட்டைவிரல் பதிந்த பள்ளம். சின்னவள் அதற்கு "மாமா சோப்பு" என்று பெயர் வைத்துவிட்டாள். உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாய். நேற்று உன் மாமாவின் பட்டறைச் சட்டையை அதில் துவைத்தேன். அழுக்குப் போனது. காலரில் கொஞ்சம் நின்றது. என்னுடையது இன்னும் நன்றாகப் போக்கும். இன்னும் கிளறு.

கொடியில் போடும்போது எதிர் வீட்டு நர்ஸ் வந்தாள். திட்டின் மேல் இருந்த கட்டியைப் பார்த்து, "என்னக்கா இது, உங்க சோப்பு இப்படிக் கோணலா வராதே?" என்றாள்.

நான் அதைக் கையில் எடுத்து, ஈரத்தைத் துடைத்து, அவள் நன்றாகப் பார்க்கும்படி வெளிச்சத்தில் பிடித்தேன்.

"இது என் தம்பி செஞ்சது" என்றேன்.

அக்கா